மின்சாரம் திரும்பியதும் இரண்டு நிமிடம் பொறுக்கும் கருவி

கொல்லிமலையில் காற்றோடு மழை பெய்தால் மின்சாரம் போவது புதிதல்ல. காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குத் தாங்கலாகவும் வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் நெடிது வளர்ந்து நிற்கின்றன. அவற்றின் இடையே லைன் செல்லும் இடங்களில் ஒரு கிளை முறிந்து கம்பியில் சாய்ந்தால் போதும். அந்த நேரத்தில், போன மின்சாரம் எப்போது வரும் என்பதுதான் எல்லோருடைய கவலையும். அது எப்படி வருகிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

கவனித்துப் பாருங்கள். விளக்கு ஒரு முறை எரிந்து அணையும். மீண்டும் எரியும். மங்கலாகி, பிறகு பளிச்சென்று ஒளிரும். சில வேளைகளில் மூன்று, நான்கு முறை இப்படி வந்து போன பிறகுதான் நிலைக்கும். லைனில் கிளை இன்னும் உரசிக்கொண்டிருக்கலாம். அல்லது லைனில் உள்ள எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்ப முயல்வதால் மின்னழுத்தம் சரிந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் இந்த முதல் இரண்டு நிமிடங்கள்தான் மோட்டாருக்குக் கெட்ட நேரம். மோட்டார் அருகில் கை வைத்திருப்பவருக்கும் அதுவே கெட்ட நேரம்.

இந்த இரண்டு நிமிடத்தை மோட்டார் இல்லாமல் கடத்திவிடும் ஒரு சிறு மின்சுற்றைப் பற்றி இங்கே விளக்குகிறோம். இது 12 வோல்ட்டில் வேலை செய்வது. பழுது பார்க்கத் தெரிந்த இளைஞர் எவரும் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். ஸ்டார்ட்டரும் கான்டாக்டரும் நீங்கலாக, சாமான்களின் செலவு ஒரு கிலோ மிளகின் விலைக்குள் அடங்கிவிடும்.

முதல் நொடியில் நடப்பது என்ன?

நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 5 குதிரைத் திறன் கொண்ட மும்முனை மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ ஏழரை ஆம்பியர் எடுக்கிறது என்றால், நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது 45 ஆம்பியர் வரை எடுக்கும். ஒரு டிரான்ஸ்பார்மரில் இத்தகைய மோட்டார்கள் பத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தும் ஓடும்போது 75 ஆம்பியர். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் முழுத் தாங்கும் அளவு ஏறத்தாழ 84 ஆம்பியர் என்பதால் அது தாங்கிக்கொள்ளும். ஆனால் பத்தும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 450 ஆம்பியர் கேட்கும். அப்போது மின்னழுத்தம் சரிகிறது. அழுத்தம் சரிந்தால் மோட்டாருக்கு எழும் வலிமை இல்லாமல் போகிறது. எழ முடியாத மோட்டார் கிளம்பும்போது எடுக்கும் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே உறுமி நிற்கும். சுருள் கருகுவது இப்போதுதான். ஆண்டு முழுவதும் ஓடியதில் தேயாத மோட்டார் இந்த ஒரு நிமிடத்தில் வீணாகிவிடும்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மின்சாரம் நின்றதும் குழாயில் ஏறியிருந்த நீர் கீழே இறங்கும். தடுப்பு வால்வு பழுதாகியிருந்தால் அந்த நீர் பம்பைத் தலைகீழாகச் சுழற்றும். அப்படிப் பின்னோக்கிச் சுழலும்போதே மின்சாரம் வந்து முன்னோக்கித் திருப்பினால், தண்டும் இணைப்பும் முறிய வாய்ப்புண்டு. நீர் இறங்கி அடங்க இரண்டு நிமிடமாவது கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பாதுகாப்பாகத்தான் ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் வைத்திருக்கிறார்கள். மின்சாரம் போனால் அது விட்டுவிடும். திரும்பி வந்தாலும், பச்சைப் பொத்தானை ஒருவர் அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். நம் விவசாயிகள் பலர் செய்வது என்ன? பொத்தானை அழுத்தி, அதில் ஒரு குச்சியைச் செருகிவிடுகிறார்கள். அல்லது சைக்கிள் டியூப் துண்டால் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். மலையடிவாரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் இந்தப் பழக்கம் உண்டு. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்போது எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்துவது எளிதல்ல என்பது நமக்குத் தெரியும். இருட்டில், வரப்பில், பாம்புக்கு அஞ்சி நடக்க வேண்டியவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தக் குச்சி, ஸ்டார்ட்டரில் இருந்த ஒரே காவலையும் தூங்க வைத்துவிடுகிறது. குச்சி செய்யும் வேலையையே சற்றுப் பொறுத்திருந்து முறையாகச் செய்யும் கருவிதான் நமக்குத் தேவை.

மலைமேல் இதைவிட முக்கியமான இடம் அரவை இயந்திரம். சாமை, தினை போன்ற சிறுதானியங்களை உரலில் இட்டு இடித்து உமி நீக்கும் கடும் உழைப்பைக் குறைக்க, கொல்லிமலையில் சிறு அரவை இயந்திரங்கள் மகளிர் குழுக்களின் கைக்கு வந்தன. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியங்களைக் காக்கச் செய்துவரும் பணியில் இதுவும் ஒன்று. இந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உள்ளே தானியம் பாதியில் நின்று அடைத்துக்கொள்ளும். அதை எடுக்கக் கை உள்ளே போகும். நழுவிய பெல்ட்டைச் சரிசெய்யவும் கை போகும். சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க மறந்திருந்தால், மின்சாரம் வந்த நொடியில் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

நாழிகை வட்டிலும் கண்டென்சரும்

குளிர்சாதனப் பெட்டிக்கு ஸ்டெபிலைசர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். மின்சாரம் வந்தவுடன் பெட்டி ஓடாது. சில நிமிடம் கழித்து 'டக்' என்ற சத்தத்தோடு ஓடத் தொடங்கும். கம்ப்ரசரில் உள்ள அழுத்தம் சமநிலைக்கு வர அவகாசம் தருவதற்காக அந்தக் காத்திருப்பு. நாம் செய்யப்போவதும் அதே தத்துவந்தான்.

முற்காலத்தில் நேரம் கணிக்க நாழிகை வட்டில் இருந்தது. அடியில் நுண்ணிய துளையுள்ள கிண்ணத்தை நீரில் மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் மெல்ல ஏறி, கிண்ணம் நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். கிண்ணம் பெரிதானால் நேரம் கூடும். துளை சிறுத்தாலும் நேரம் கூடும். மின்சுற்றில் கிண்ணத்தின் இடத்தில் இருப்பது கண்டென்சர். துளையின் இடத்தில் இருப்பது ரெசிஸ்டர் என்னும் மின்தடை. தடையின் வழியே மின்சாரம் கசிந்து கண்டென்சர் மெல்ல நிறைகிறது. ஒரு குறிப்பிட்ட அளவு நிறைந்ததும் ரிலேயை இழுக்கச் செய்தால் காத்திருப்பு முடிந்தது.

அந்த 'குறிப்பிட்ட அளவு' வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லும் வேலைக்கு 555 என்ற எட்டுக் கால் ஐ.சி. இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட் என்ற பொறியாளர் அமெரிக்காவில் 1971இல் வடிவமைத்தது இது. 1972இல் விற்பனைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல நிறுவனங்கள் இதைத் தயாரித்துக்கொண்டிருக்கின்றன. விலை மிகக் குறைவு. சேலத்திலோ நாமக்கல்லிலோ மின்னணுச் சாமான் விற்கும் கடையில் 'டிரிபிள் பைவ்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

கண்டென்சரின் அழுத்தம், கொடுத்த மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் 555 தன் வெளியீட்டை மாற்றும். 12 வோல்ட் கொடுத்தால் 8 வோல்ட்டில் மாறும். கொடுப்பது 10 வோல்ட்டாகக் குறைந்தாலும் அதே விகிதத்தில் கணக்கிடுவதால் காத்திருக்கும் நேரம் மாறாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் மலைப்பகுதிக்கு இது பெரிய வசதி.

நேரக் கணக்கு எளிது. மின்தடையை மெகா ஓமிலும் கண்டென்சரை மைக்ரோ பாரடிலும் எடுத்துப் பெருக்கி, வருவதை 1.1ஆல் பெருக்கினால் விநாடிகள் கிடைக்கும். 220 கிலோ ஓம், அதாவது 0.22 மெகா ஓம் தடையும் 470 மைக்ரோ பாரடு கண்டென்சரும் போட்டால் 1.1 × 0.22 × 470 = ஏறத்தாழ 114 விநாடி. இரண்டு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு.

இணைக்கும் முறை

555இன் தலைப்பக்கத்தில் ஒரு சிறு பிறைவெட்டு இருக்கும். வெட்டு மேலே இருக்குமாறு வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1 முதல் 4 வரையும், வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5 முதல் 8 வரையும் கால்கள். 1ஆம் காலை மைனசில் சேர்க்கவும். 8ஆம் காலையும் 4ஆம் காலையும் பிளஸ் 12 வோல்ட்டில் சேர்க்கவும். 5ஆம் காலிலிருந்து மைனசுக்கு 0.01 மைக்ரோ பாரடு கண்டென்சர். 8ஆம் காலுக்கும் 1ஆம் காலுக்கும் இடையே 0.1 மைக்ரோ பாரடு கண்டென்சர். 7ஆம் கால் சும்மா இருக்கட்டும்.

2ஆம் காலையும் 6ஆம் காலையும் ஒன்றாகச் சேர்க்கவும். இந்தச் சந்திப்புதான் நம் வட்டில். பிளஸ்ஸிலிருந்து இங்கே 220 கிலோ ஓம் தடை. இங்கிருந்து மைனசுக்கு 470 மைக்ரோ பாரடு, 25 வோல்ட் கண்டென்சர். கண்டென்சரின் பிளஸ் கால் சந்திப்பின் பக்கம் இருக்க வேண்டும்.

3ஆம் கால் வெளியீடு. காத்திருக்கும்போது இது மேலே, அதாவது பிளஸ் பக்கம் இருக்கும். நேரம் முடிந்ததும் கீழே, மைனஸ் பக்கம் வரும். இந்தக் குணத்தால் ஒரு காலிலேயே இரண்டு வேலை வாங்கலாம். 12 வோல்ட், 400 ஓம் ரிலேயைப் பிளஸ்ஸுக்கும் 3ஆம் காலுக்கும் இடையே இணைத்தால், நேரம் முடிந்த பிறகு அது இழுக்கும். 12 வோல்ட் பஸ்ஸரை 3ஆம் காலுக்கும் மைனசுக்கும் இடையே இணைத்தால், காத்திருக்கும் நேரம் முழுவதும் அது ஒலிக்கும். 'மின்சாரம் வந்துவிட்டது, இன்னும் சற்று நேரத்தில் மோட்டாருக்குப் போகும்' என்று இரண்டு நிமிடம் கூவிச் சொல்லும் காவலாள் இது. தனி டிரான்சிஸ்டர் எதுவும் தேவையில்லை.

ரிலேயோடு இரண்டு டையோடுகள் வேண்டும். இரண்டும் 4007 என்ற சாதாரண டையோடுதான். ஒன்று காயிலுக்குக் குறுக்கே, வெள்ளைப் பட்டை பிளஸ் பக்கம் இருக்குமாறு. ரிலே விடும்போது காயிலில் எழும் எதிர்மின் அதிர்ச்சி ஐ.சி.யைக் கொல்லாமல் இது காக்கும். மற்றொன்று காயிலுக்கும் 3ஆம் காலுக்கும் நடுவே தொடராக, பட்டை 3ஆம் கால் பக்கம். காத்திருக்கும்போது 3ஆம் கால் முழு 12 வோல்ட்டுக்கு ஏறாது, ஒன்றரை வோல்ட் போலக் குறைந்தே நிற்கும். அந்த மிச்ச அழுத்தத்தில் ரிலே ஒட்டிக்கொண்டு நிற்காமலிருக்க இந்த இரண்டாவது டையோடு.

மறக்கத் தெரிய வேண்டும்

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் கருவி வேலை செய்யும். முதல் முறை மட்டும் சரியாக வேலை செய்யும். படங்களைப் பார்த்துச் செய்யப்படும் தாமதக் கருவிகள் பலவும் தோற்பது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

கண்டென்சர் நிறைந்து, ரிலே இழுத்து, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் ஒரு விநாடி போய் வருகிறது. கருவி மறுபடியும் முதலிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். ஆனால் கண்டென்சர் இன்னும் நிறைந்தே இருக்கிறது. அது காலியாக 220 கிலோ ஓம் தடையைத் தவிர வேறு வழி இல்லை. நிறைய எத்தனை நேரம் ஆனதோ, காலியாகவும் ஏறத்தாழ அத்தனை நேரம் ஆகும். ஆகவே மின்சாரம் இரண்டு நிமிடத்துக்குமேல் போயிருந்தால்தான் கருவி பொறுக்கும். வந்து வந்து போகும்போது, அதாவது எதற்காக இதைச் செய்தோமோ அந்த நேரத்தில், சற்றும் பொறுக்காமல் மோட்டாரைக் கிளப்பிவிடும். மூழ்கிய வட்டிலை எடுத்துக் கவிழ்க்காமல் மறுபடி நேரம் கணிக்க முடியாதல்லவா?

கவிழ்க்கும் வேலைக்கு ஒரே ஒரு டையோடு போதும். 220 கிலோ ஓம் தடைக்கு இணையாக, வெள்ளைப் பட்டை பிளஸ் பக்கம் இருக்குமாறு இன்னொரு 4007 டையோடை இணைக்கவும். மின்சாரம் இருக்கும்போது இது அடைத்த கதவு. மின்சாரம் போய்ப் பிளஸ் கம்பியின் அழுத்தம் விழுந்தவுடன் கதவு திறந்து, கண்டென்சரில் உள்ளதெல்லாம் அந்தக் கம்பி வழியே வெளியேறிவிடும்.

வெளியேறிய மின்சாரம் போய்ச் சேரவும் ஓர் இடம் வேண்டும். அதற்காகப் பிளஸ்ஸுக்கும் மைனசுக்கும் இடையே 470 ஓம், 1 வாட் தடை ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடவும். இது எப்போதும் 25 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். வீண்செலவு என்று தோன்றினாலும் எடுத்துவிட வேண்டாம். இந்த வடிகால் தடையும் மேற்படி டையோடும் சேர்ந்துதான், ஏறத்தாழ கால் விநாடிக்கு மேற்பட்ட தடை எதுவானாலும் கருவி பழையதை மறந்து மறுபடி எண்ணத் தொடங்குமாறு செய்கின்றன.

12 வோல்ட் எங்கிருந்து?

இன்று எல்லார் வீட்டிலும் 12 வோல்ட் அடாப்டர் கிடக்கிறது. அதையே மாட்டிவிடலாமே என்று தோன்றும். இந்தக் கருவிக்கு அது ஆகாது. இவ்வகை அடாப்டர்களில் பெரும்பாலானவை 100 வோல்ட்டிலிருந்து 240 வோல்ட் வரை எது வந்தாலும் 12 வோல்ட்டை விடாமல் கொடுக்கும். வெளியே மின்னழுத்தம் பாதியாகச் சரிந்து மோட்டார் தவித்தாலும் நம் கருவிக்கு அது தெரியவே தெரியாது. மேலும் அதற்குள்ளே சேமிப்பு அதிகம். நம் கருவி எடுப்பதோ மிகக் குறைவு. ஆகவே மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் அடாப்டர் தாங்கிக்கொண்டு, கருவியை ஏமாற்றிவிடும். நல்ல அடாப்டராக இருக்க இருக்க நமக்குக் கெடுதல்.

பழைய முறையே இங்கு நல்லது. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் 500 மில்லி ஆம்பியர் இரும்பு டிரான்ஸ்பார்மர், நான்கு 4007 டையோடுகளால் ஆன பிரிட்ஜ், 470 மைக்ரோ பாரடு 35 வோல்ட் கண்டென்சர், பிறகு 7812 ரெகுலேட்டர். கண்டென்சரைப் பெரிதாகப் போட்டால் நல்லது என்று 2,200 மைக்ரோ பாரடு வாங்கிப் போட்டுவிட வேண்டாம். அது அதிக நேரம் சேமித்து வைத்து, மறக்க வேண்டியதை மறக்க விடாது. ரெகுலேட்டரையும் விட்டுவிடக் கூடாது. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் குறைந்த சுமையில் 17 வோல்ட்டுக்கு மேலும் கொடுக்கக்கூடும். சாதாரண 555 தாங்குவது 16 வோல்ட் வரைதான்.

முதலில் 230 வோல்ட் பக்கம் போகவே வேண்டாம். ரெகுலேட்டரைச் சேர்க்கும் முன், கைத்தெளிப்பானில் உள்ள 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டே சோதித்துவிடலாம். பேட்டரியைத் தொட்டதும் பஸ்ஸர் ஒலிக்க வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள். இத்தகைய கண்டென்சர்கள் சொன்ன அளவிலிருந்து நூற்றுக்கு இருபது கூடவோ குறையவோ இருப்பது வழக்கம். ஆகவே ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டேகால் நிமிடத்துக்குள் எப்போது ரிலே இழுத்தாலும் சரிதான். இழுத்த பிறகு பேட்டரிக் கம்பியை எடுத்து, 'ஒன்று' என்று சொல்லிவிட்டு மறுபடி தொடவும். பஸ்ஸர் மறுபடி ஒலித்தால் கருவிக்கு மறக்கத் தெரிந்துவிட்டது. ஒலிக்காமல் ரிலே உடனே இழுத்தால் டையோடு திருப்பிப் போடப்பட்டிருக்கும், அல்லது வடிகால் தடை சரியாகப் பற்றவைக்கப்படாமல் இருக்கும்.

நெடுநேரம் ஆகியும் ரிலே இழுக்கவே இல்லையா? கண்டென்சரில் கசிவு இருக்கிறது. ஓட்டை வட்டில் நிறையாது. பழைய ரேடியோவில் கழற்றியதைப் போடாமல் புதியதை வாங்கவும். நான்கு நிமிடத்துக்குமேல் காத்திருப்பு வேண்டுமானால் தடையையும் கண்டென்சரையும் பெரிதாக்கிக்கொண்டே போவது பலன் தராது. இந்தக் கசிவு குறுக்கே வரும். அதற்கு 4060 என்ற எண்ணும் ஐ.சி. உண்டு. அது சிறிய, கசியாத கண்டென்சரைக் கொண்டே துடிப்புகளை ஆயிரக்கணக்கில் எண்ணி நேரம் காட்டும். நம் தேவைக்கு 555 போதும்.

பம்புக்கு ஒரு விதம், மில்லுக்கு ஒரு விதம்

கருவியை ஸ்டார்ட்டரில் இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் விட்டுவிடவும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

பம்புக்கு, கான்டாக்டர் உள்ள ஸ்டார்ட்டரில் தானியங்கி, கையியக்கம் என்று இரு நிலை கொண்ட சுவிட்ச் ஒன்றை வைத்து, தானியங்கி நிலையில் நம் ரிலேயின் முனைகள் வழியே கான்டாக்டர் காயிலுக்கு மின்சாரம் போகுமாறு செய்யலாம். அந்த வழி ஓவர்லோடு ரிலேயின் முனைகளைக் கடந்தே போக வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டி இணைத்துவிடுவது நடக்கிறது. ஓவர்லோடு ரிலேயும் கையால் அழுத்தி மீட்கும் நிலையில் இருக்க வேண்டும். இல்லையேல் சூடேறி நின்ற மோட்டார், ஆறியதும் தானாகவே கிளம்பும். இன்னொன்று: சிறிய ரிலேயின் முனைகள் 250 வோல்ட்டுக்குத்தான் தகுதியானவை. கான்டாக்டர் காயில் 415 வோல்ட் வகையாக இருந்தால் இந்த ரிலே அதை நேரடியாக இயக்கக் கூடாது. 230 வோல்ட் காயிலாக மாற்றிக்கொள்வது நல்லது. புட்வால்வு நீரைப் பிடித்து நிறுத்தாத பம்புக்குத் தானியங்கி முறையே வேண்டாம். நீரில்லாமல் ஓடிச் சீல் கெட்டுவிடும்.

அரவை மில்லுக்குத் தானாகக் கிளம்பும் ஏற்பாடு எக்காரணம் கொண்டும் கூடாது. இங்கே ரிலேயின் முனைகளை நோ-வோல்ட் காயிலின் வழியில் தொடராக இணைக்க வேண்டும். அப்போது மின்சாரம் வந்து இரண்டு நிமிடம் வரை பச்சைப் பொத்தானை அழுத்தினாலும் மில் ஓடாது. பஸ்ஸர் ஒலித்து ஓய்ந்த பிறகு, ஒருவர் வந்து பார்த்து, பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். பம்பில் இந்தக் கருவி மோட்டாரைக் கிளப்புகிறது. மில்லில் அது அனுமதி மட்டுமே தருகிறது. கருவி ஒன்றே, இணைப்பில்தான் வேறுபாடு. சில இடங்களில் மில்லுக்கு ஸ்டார்ட்டரே இல்லாமல் வெறும் சுவிட்சில் ஒற்றைமுனை மோட்டாரை ஓட்டுகிறார்கள். அங்கே முதலில் நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் வாங்குங்கள். தாமதக் கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் இருந்தாலும், அடைப்பெடுக்கக் கை உள்ளே போகும் முன் மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருக்க வேண்டும். பஸ்ஸர் ஒலிக்கவில்லையே என்று நம்பிக் கை விடக்கூடாது. அதுவும் ஒரு நாள் பழுதாகும் பொருள்தான்.

இந்தக் கருவியால் ஆகாதவை சில உண்டு. மூன்று முனைகளில் ஒன்று இல்லாமல் மின்சாரம் வந்தால் இது கண்டுபிடிக்காது. அதற்கு ஒருமுனை இழப்புத் தடுப்பான் தனியாக வேண்டும். மின்னழுத்தம் குறைந்தே நிலைத்து நின்றாலும், ரிலே இழுக்கும் அளவு இருக்கும்வரை இது மோட்டாரை விட்டுவிடும். இடி மின்னலில் வரும் அதிர்ச்சியைத் தாங்காது. மலையில் கோடை இடி கடுமையாக இருக்கும் நாட்களில் மெயினை இறக்கி வைப்பதே வழி.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து செய்தால்

ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லோரும் இரண்டு நிமிடக் கருவி வைத்தால், எல்லா மோட்டாரும் இரண்டு நிமிடம் கழித்து ஒன்றாகக் கிளம்பும். சிக்கல் தீராது, தள்ளிப்போகும். ஆகவே தடையை மாற்றி நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 470 மைக்ரோ பாரடு கண்டென்சரை அப்படியே வைத்துக்கொண்டு, 100 கிலோ ஓம் போட்டால் 52 விநாடி, 220 போட்டால் 114, 330 போட்டால் 171, 470 போட்டால் 243 விநாடி. கடைசிக் கிணற்றுக்காரருக்குக் குறைந்த நேரம் கொடுக்கலாம். லைனின் கடைசியில்தான் மின்னழுத்தம் மிகவும் சரியும் என்பதால், மற்றவர்கள் கிளம்பும் முன் அவர் கிளம்பிவிடுவது நியாயம். ஆழ்துளைக் கிணற்றுப் பம்பு வைத்திருப்பவர்கள் மட்டும் 220 கிலோ ஓமுக்குக் கீழே போக வேண்டாம்.

கொல்லிமலையில் பனிமூட்டமும் ஈரமும் அதிகம். பற்றவைத்து முடித்த பலகையின் மேல் மோட்டார் சுற்றுபவர்கள் பயன்படுத்தும் வார்னிஷை ஒரு கை பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, கம்பி நுழையும் துளைகளை அடைத்துவிடவும். எறும்பும் பல்லியும் ஸ்டார்ட்டர் பெட்டியை வீடாக்கிக்கொள்வது எல்லோரும் அறிந்ததுதான். பெட்டியை ஈரச் சுவரில் ஒட்டி வைக்காமல் ஒரு மரச்சட்டத்தின் மேல் பொருத்தவும். ஆடிப்பட்டம் தொடங்கும் முன் ஆண்டுக்கொரு முறை மெயினை இறக்கி ஏற்றி, பஸ்ஸர் எத்தனை விநாடி ஒலிக்கிறது என்று கடிகாரத்தில் பார்த்துப் பெட்டியின் மேலேயே எழுதி வைக்கவும். போன ஆண்டின் கணக்கிலிருந்து கால் பங்குக்குமேல் மாறியிருந்தால் 470 மைக்ரோ பாரடு கண்டென்சரைப் புதிதாக மாற்றிவிடவும்.